நிலாவாரைச் சிப்பங்களில் ருஷ்ய எழுத்து

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் இருந்த ஓர் ஏற்றுமதி ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். நாசரேத் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். அந்த ஆபீஸுக்குள் வேலைக்கென்று வந்த முதல் பெண்ணும் நான்தான். எங்கள் சரக்கு நிலாவாரை இலை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மருந்து இலை. திருநெல்வேலிச் சீமையின் செவல் என்கிற செம்மண் காட்டில் விளைவதற்கு வெளிநாட்டில் நல்ல பெயர். காய்ந்த இலையைச் சாக்கில் அமுக்கிச் சிப்பமாகக் கட்டி, தோணியில் ஏற்றி, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்கு அனுப்புவோம். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது, கடல் ஆழமில்லை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பம்பாய் ஆபீஸிலிருந்து ஒரு தந்தி வந்தது. ருஷ்யக் கப்பல் ஒன்று வருகிறது, நிலாவாரைச் சிப்பங்கள் அதில் போக வேண்டும், ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் ‘ஈரம் படக் கூடாது’ என்பதை ருஷ்ய எழுத்தில் அடிக்க வேண்டும், எழுத்தின் மாதிரி தபாலில் வருகிறது. இவ்வளவுதான் செய்தி.

ஹெட்கிளார்க் தந்தியை இரண்டு தரம் படித்தார். உடன்குடிக்காரர். கருப்பட்டி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கணக்கு எழுத வந்து, ஆபீஸையே நடத்துகிறவராக ஆனவர். மானேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

“ருஷ்ய எழுத்துன்னா எப்படிம்மா இருக்கும்? நீ படிச்சவ, பாத்திருக்கியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“நானும் பாத்ததில்ல. தபால் வரட்டும்.”

தபால் வரவில்லை. கோவில்பட்டிக்கு வடக்கே மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய் ரயில் நின்றுவிட்டது. தந்திக் கம்பியை மட்டும் சீக்கிரம் இழுத்துக் கட்டிவிட்டார்கள். ரயில் எப்போது ஓடும் என்று ஸ்டேஷனில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கப்பலோ கொழும்புக்கு வந்துவிட்டது, அங்கே சரக்கு இறக்கியதும் இங்கேதான் என்று செய்தி.

“இங்கிலீஷ்ல அடிச்சு அனுப்பிடுவோம்” என்றார் அண்ணாச்சி. “கீப் டிரை. உலகம் பூராவும் தெரிஞ்ச வார்த்தைதானே?”

அவர் சொன்னபடி பம்பாய்க்குத் தந்தி கொடுத்தோம். மறுநாளே பதில்: சரக்கு இறங்குகிற ருஷ்யத் துறைமுகத்துக் கூலியாட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, சரக்கு நனைந்தால் வாங்குகிறவர் ஏற்க மாட்டார், ருஷ்ய எழுத்துத்தான் வேண்டும்.

எனக்கு அந்தப் பதில் நியாயமாகப் பட்டது. காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. யுத்தக் காலத்தில் என் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். மாடிப்படியில் விழுந்து கால் முறிந்துவிட்டது என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். அப்பா, உடனே புறப்பட்டு வா என்று தந்தி அடித்தார். அங்கிருந்து வந்த பதில் தமிழ்தான், ஆனால் தந்தியில் போக வேண்டியதால் இங்கிலீஷ் எழுத்தில்: VALI ILLAI. அம்மா அதைக் கேட்டுவிட்டு அப்படியே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். பிள்ளைக்கு வலி இல்லையாம்! பிறகு கடிதம் வந்து பார்த்தால், அவன் சொன்னது வழி இல்லை என்று. கப்பலில் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், வருவதற்கு வழி இல்லை. வலியில் அவன் துடித்துக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் இங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம். அவனுக்குக் கால் கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். ஒரு பாஷையை இன்னொரு பாஷையின் எழுத்துக்குள் அடைத்து அனுப்பினால் வழியில் எது சிந்தும் என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆகவே எழுத்தின் உருவமே வர வேண்டும். ஆனால் தந்தியில் உருவத்தை எப்படி அனுப்புவது? தந்தி என்பது கட்டுக்கடா, குட்டையும் நெட்டையுமாக விழுகிற இரண்டே தட்டல் சத்தம். அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மட்டும்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அதைச் சுற்றியிருந்த துணியில் நானே போட்ட பூ வேலை இருந்தது. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்றது, கிராஸ் ஸ்டிச். கட்டம் கட்டமான துணியில், எந்தக் கட்டத்தில் தையல் விழ வேண்டும், எந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று எண்ணி எண்ணிப் போடுவது. அந்த வகுப்பில் எழுத்துக்களும் போட்டிருக்கிறோம். தலையணை உறையில் வேத வசனம் எழுத வேண்டுமே! எழுத்தின் மாதிரியை டீச்சர் கரும்பலகையில் வரைய மாட்டார். வாயால் சொல்லுவார்: முதல் வரிசை, தையல், தையல், தையல், காலி, காலி. நாங்கள் போட்டுக்கொண்டே போவோம். கடைசி வரிசையில்தான் அது என்ன எழுத்து என்று தெரியும்.

சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்து போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு, அதில் இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்தைப் பெருக்கல் குறிகளால் நிரப்பிக் காட்டினேன். நிரம்பிய கட்டத்துக்கு X, காலிக் கட்டத்துக்கு O. ஒரு வரிசைக்கு ஐந்தெழுத்து, ஒரு தந்திச் சொல். ஏழு சொல்லில் ஒரு எழுத்து வந்துவிடும்.

“ஏம்மா, பம்பாய்க்காரனுக்கு இது விளங்குமா?”

“விளங்குத மாதிரி எழுதுதேன் அண்ணாச்சி.”

எழுதினேன். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் ஏழு சொல் வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து உருவத்தை ஒரு தரம் சொல்லுங்கள். பிறகு வார்த்தையை எண்களாக மட்டும் அனுப்புங்கள் என்றும் சேர்த்தேன். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். பல வருஷம் கழித்து, கம்ப்யூட்டருக்குள் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது, திரையில் தெரிவது அந்த எண்ணுக்குரிய புள்ளிகள் என்று ஒருவர் எனக்கு விளக்கினார். அவர் எதிர்பார்த்த ஆச்சரியத்தை என் முகத்தில் வரவழைக்க என்னால் முடியவில்லை.

பம்பாயிலிருந்து பதில் வந்த விதம் வேறு. தந்தி ஆபீஸ் மாஸ்டரே குடையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார். வழக்கமாகப் பியூன்தான் கொண்டு வருவான். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, நீளமான தந்தியை மேஜையில் விரித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“இது யாருக்கு வந்திருக்கு?”

“எங்களுக்குத்தான். ஏன் சார்?” என்றார் அண்ணாச்சி.

“பூரா எக்ஸும் ஓவுமா இருக்கு. நடுவுல ருஷ்யச் சரக்குன்னு வேற இருக்கு. இப்போ காலம் எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. கம்யூனிஸ்ட்டுன்னு சந்தேகப்பட்டாலே பிடிச்சு உள்ள வைக்கான். ரகசியக் குறியீடு வந்ததை நான் பேசாமக் கொடுத்தேன்னு நாளைக்கு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?”

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. என்னைக் கை காட்டினார். “இந்தப் பிள்ளைதான் இப்படி அனுப்பச் சொல்லிச்சு.”

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். வயதானவர், கண்ணாடி, காதோரம் பென்சில். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் விளக்குவதைவிட வரைந்து காட்டுவது சுலபம் என்று தோன்றியது. கட்டத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“நீங்களே படிங்க சார். நான் போடுதேன்.”

அவர் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பித்தார். தந்தி ஆபீஸ்காரர் அல்லவா, ஒரே சீரான குரல். “எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். எக்ஸ் ஓ ஓ ஓ ஓ. எக்ஸ் ஓ ஓ ஓ ஓ. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ…” நான் கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டே போனேன். ஏழாவது வரிசை முடிந்ததும் தாளை அவர் பக்கம் திருப்பினேன். மேலே ஒரு தட்டையான கோடு, கீழே ஒரு வயிறு. Б.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது என்ன, பி-யா? ஆறா?”

“தெரியாது சார். ருஷ்ய எழுத்து.”

“கம்பியில படம் வந்திருக்கு!” என்றார். குரல் மாறிவிட்டது. “முப்பது வருஷமா கட்டும் கடாவும் கேக்கேன். படம் வந்து பாத்ததில்ல. அடுத்த எழுத்தைப் போடும்மா.”

எட்டு எழுத்தையும் போட்டு முடிக்கும் வரை அவர் போகவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தோம். சில எழுத்து எங்களுக்குத் தெரிந்ததுபோல இருந்தது: வட்டமான O, T, C, P. சில ஏறுக்குமாறு: என் எழுத்தின் குறுக்குக்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது, ஆர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஒன்று மட்டும் எதிலும் சேராமல், ஒரு குட்டி ‘b’யும் பக்கத்தில் ஒரு குச்சியுமாக இருந்தது. தந்தியின் கடைசியில் இரண்டு வார்த்தைக்கான எண்கள். முதல் வார்த்தை 123456. இரண்டாவது 5742543.

நான் எண்ணுக்கு நேராக எழுத்தைப் போட்டு வார்த்தைகளை எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று உறுத்தியது. எட்டாம் எழுத்து, ‘P’ போல இருந்தது, இரண்டு வார்த்தையிலும் எங்கும் வரவில்லை.

“அண்ணாச்சி, எட்டாம் எழுத்துக்கு வேலையே இல்ல.”

“இருந்துட்டுப் போகுது. கூடுதலா ஒண்ணு அனுப்பியிருப்பான்.”

“தேவையில்லாத எழுத்தை ஏழு சொல் செலவழிச்சு ஏன் அனுப்பணும்?”

அவர் யோசித்தார். நான் சொன்னது அவருக்குச் சரியாகப் பட்டது. மாஸ்டரிடமே கேள்வியைத் தந்தியாகக் கொடுத்து அனுப்பினோம்: எட்டாம் எழுத்து எந்த இடத்தில்? பதில் வரவில்லை. பம்பாயில் தீபாவளி, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கப்பல் வந்து தூரத்தில் நின்றுவிட்டது. புகைபோக்கியில் சிவப்புப் பட்டை தெரிகிறது என்று தோணிக்காரர்கள் சொன்னார்கள்.

“வந்தபடி வெட்டச் சொல்லு” என்றார் அண்ணாச்சி. “நிக்கிற கப்பலை நாம நிறுத்தி வைக்க முடியாது.”

சிப்பத்துக்கு மார்க் அடிக்க, எழுத்தை ஓட்டையாக வெட்டிய தகரத் தகடு வேண்டும்; அதை வெட்டுகிறவர் வேம்பாரைச் சேர்ந்தவர். சரக்கு வைக்கிற எங்கள் கிட்டங்கிக்கு எதிரே சின்னத் தகரக் கடை. இளமையில் முத்துக் குளிக்கப் போனவர். ஆழத்தில் காது போய், மேலே வந்து தகரம் வெட்டக் கற்றுக்கொண்டார். அவரிடம் பேசுவதென்றால் தெருவே கேட்கக் கத்த வேண்டும்; அதனால் எல்லோரும் எழுதியோ வரைந்தோ காட்டுவார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. இந்த எழுத்துக்களுக்குச் சொல்லக்கூடப் பெயர் கிடையாது.

கட்டத் தாளை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், முதுகைத் திருப்பிய ஆரிடம் நின்றார்.

“பிள்ள, இது தப்பு. ஆரை மறுபக்கமாப் போட்டிருக்க.”

இல்லை என்று தலையாட்டினேன்.

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுதான். ஆனா எத்தனை வருஷமா ஆர் வெட்டுதேன், எனக்குத் தெரியாதா? தகட்டைத் திருப்பி வச்சா இப்படி வரும்.” தகரத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். “பம்பாய்க்காரன் திருப்பிப் பாத்துச் சொல்லியிருக்கான்.”

நான் தாளில் எழுதியதை விரலால் அழுத்திக் காட்டினேன். இப்படித்தான். இதே மாதிரி. அவர் என்னைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். “உம் பாடு” என்று வெட்ட உட்கார்ந்தார்.

தகட்டில் எழுத்து வெட்டுவதில் ஒரு சங்கதி உண்டு. ஓவின் வட்டத்தை முழுதாக வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும். வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அதனால் மேலும் கீழும் ஒரு பாலம் விட்டு வெட்ட வேண்டும். ருஷ்ய எழுத்துக்களில் எங்கே பாலம் விட்டால் எழுத்து கெடாது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. உருவம் எது, உருவத்தைத் தாங்குகிற கோடு எது என்று தெரியாமல் ஒரு எழுத்தை வெட்டுவது விசித்திரமான வேலை. எது இல்லாவிட்டால் அது அந்த எழுத்தாக இருக்காது? அன்று முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் ‘க’வின் தலையை எவ்வளவு வளைக்கலாம், அது வேறொன்றாக ஆகாமல்? நமக்குத் தெரியும், ஆனால் சொல்லத் தெரியாது.

வார்த்தைகள் முழுவதையும் ஒரே தகட்டில் வெட்டி முடித்தார். எட்டாம் எழுத்தையும் தனியே ஒரு சின்னத் துண்டில் வெட்டச் சொன்னேன்.  கிட்டங்கியில் ஆட்கள் கரி மையைத் தூரிகையால் தேய்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாக, எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு வாக்கியம் எழுந்து நின்றது. முதல் தோணி பாதிச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அந்தத் தோணி திரும்பி வந்தபோது, அதில் கப்பலின் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்தவர். உயரமானவர், நாற்பது வயது இருக்கும், வெயிலில் கழுத்து சிவந்து போயிருந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். அதைப் புரிந்துகொள்வதற்காக என்னைக் கிட்டங்கிக்கு அழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு சிப்பத்தின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தோள் குலுங்க.

“இதை யார் எழுதியது?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன். தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“எழுத்து நன்றாக இருக்கிறது. வார்த்தைதான்…” விரலை எழுத்தின் மேல் வைத்து மெதுவாக வாசித்தார். “பயீட்ஸா. ஸீட்டஸ்தி.”

 நாள் முழுவதும் தேய்த்து அடித்த கரிக்கோடுகளுக்குள் ஒரு சத்தம் இருந்திருக்கிறது. அதை அவர் எடுத்து வெளியே வைத்ததுபோல இருந்தது.

“என்ன அர்த்தம்?” என்றேன்.

“பயீட்ஸா என்றால், பயப்படுகிறது. இந்தச் சிப்பம் பயப்படுகிறது.”

நான் தமிழில் சொன்னதும் அண்ணாச்சி தன்னை மறந்து கத்திவிட்டார். “பயமா? பய-ன்னு அவனும் சொல்லுதான் பாரு! நம்ம வார்த்தைல்லா அது!”

“எங்கள் ஊரில் இப்படித்தான் எழுதுவோம்,” என்றார் அதிகாரி. “ஈரத்துக்குப் பயப்படுகிறது என்று. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, நிறைந்த வயிற்றுக்குப் பயப்படுகிறது.” வயிற்றைத் தட்டிக் காட்டினார். “உள்ளே என்ன இருக்கிறது?”

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அண்ணாச்சிதான் முன்னால் வந்து, கையை வயிற்றில் வைத்து, கீழ்நோக்கி ஒரு சைகை காட்டினார். அதிகாரிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சிப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. பேதி மருந்து, நிறைந்த வயிற்றுக்குப் பயப்படுகிறதாம்! கிட்டங்கியே சிரித்தது. காது கேளாத தகரக்காரரும் சைகையைப் பார்த்தே சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் நான் சின்னத் தகரத் துண்டை எடுத்து நீட்டினேன். “இந்த எழுத்தை எங்கள் வார்த்தையில் எங்கும் காணவில்லை.”

அதிகாரி அதை வாங்கி, இரண்டாம் வார்த்தையின் மூன்றாம் எழுத்தின் மேல் வைத்தார். அவ்வளவுதான். எட்டு என்ற எண், வழியில் எங்கோ யாரோ தந்திக்காரர் கை தவறி, நான்கு என்று வந்து சேர்ந்திருக்கிறது. “ஸீரஸ்தி” என்றார். “இதுதான் ஈரம். இது ‘ர்’.”

“இது பி இல்லையா?”

“எங்களுக்கு ‘ர்’. இது ‘சி’ இல்லை, ‘ஸ்’. அந்தத் திரும்பி நிற்கிறது ‘யா’.”

தகரக்காரருக்கு இதைத் தாளில் எழுதி விளக்கினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு உரத்த குரலில் கேட்டார்: “அப்போ நம்ம ஆர் எங்கன போச்சு?”

“பி-க்குள்ள போயிட்டு அண்ணே!” என்று கத்தினேன்.

ஏற்கெனவே அடித்துவிட்ட சிப்பங்களை என்ன செய்வது என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். கரி மையை அழிக்க முடியாது. அதிகாரி வேண்டாம் என்றார். மீதியைத் திருத்தி அடியுங்கள், போனது போகட்டும், பேப்பர்களில் சரியாக இருக்கிறது, நான் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் சிப்பத்தின் மேல் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனவர், இலைக் கிட்டங்கி என்று நினைவு வந்து அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

“நிறைந்த வயிறு என்ற இந்த வார்த்தையை எழுத்தில் பார்த்து வருஷக்கணக்காகிறது” என்றார் என்னைப் பார்த்து. “யுத்தத்தில் என் ஊரில் யாருக்கும் வயிறு நிறைந்ததில்லை. என் அம்மா தச்சு வேலைப் பசைக் கட்டியைக் காய்ச்சிக் கஞ்சி என்று கொடுத்தாள். வயிறு நிறைவது என்ற சொல்லையே வீட்டில் சொல்ல மாட்டோம். நாங்கள் பயந்தது அந்தச் சொல்லுக்குத்தான்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னேன்.  அப்போது எங்களுக்கும் ரேஷன் காலம். புழுத்த அரிசிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பதும், அது தீர்ந்தால் மரவள்ளிக் கிழங்கை அவித்து மூன்று வேளையும் தின்பதும் எல்லா வீட்டிலும் உண்டு. சுமை தூக்குகிறவர்களில் ஒருவர், கீழவைப்பார்க்காரர், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அங்கனயும் இதே கதைதானா?” என்றார். அதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதிகாரி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மூன்றாம் எழுத்தின் மேல் ஒரு தகரத்தை வைத்து மறைத்து, அந்த இடத்தில் சின்னத் துண்டை வைத்து, மீதிச் சிப்பங்களைத் திருத்தி அடித்தார்கள். கொஞ்சம் கோணலாக விழுந்தது. வாசிக்க முடிந்தது. கப்பல் போயிற்று.

அது போன பிறகுதான் தபால் வந்தது. மழையில் ஓரம் நனைந்த உறை. உள்ளே ருஷ்ய வியாபார அதிகாரி பேனாவால் எழுதிக் கொடுத்த மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குத் திகைப்பு. நாங்கள் வெட்டிய எழுத்துக்களில் பாதி அதில் இல்லை. கூட்டெழுத்தாக, வளைந்து வளைந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் ‘டி’ என்று நினைத்த எழுத்து அதில் இங்கிலீஷ் சின்ன ‘எம்’ மாதிரி மூன்று காலோடு நின்றது. திரும்பிய ‘என்’ இங்கிலீஷ் சின்ன ‘யு’வாக இருந்தது. கூடவே பம்பாய் டைப்பிஸ்டின் குறிப்பு: நீங்கள் கட்டத்தில் கேட்டதால் அந்த அதிகாரியிடம் மறுபடி போய், அச்செழுத்தில் எழுதி வாங்கி, கட்டம் போட்டு அனுப்பினேன், இப்படி ஒரு தந்தியை எங்கள் ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் இருந்ததும் ஒரு பெண் என்று எனக்குத் தெரிந்தது. தந்தி அதைச் சொல்லியிருக்கவில்லை.

கடிதத்தைத் தகரக்காரரிடம் காட்டினேன். இதை வெட்டச் சொல்லியிருந்தால் வெட்டியிருப்பீர்களா என்று எழுதிக் கேட்டேன். “கயிறு மாதிரி இருக்கு. எங்கன பாலம் விட?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று காலோடு நிற்பதும் ஒற்றைக் காலில் நிற்பதும் எப்படி ஒரே எழுத்தாக இருக்க முடியும்? உருவம் இல்லை, அப்படியென்றால். எண்ணும் இல்லை, எண் வழியில் கெட்டுப் போயிற்று. சத்தமா? தகரக்காரர் எந்தச் சத்தத்தையும் கேட்காமல்தான் அத்தனையையும் பிழையில்லாமல் வெட்டினார். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வந்து நிற்கும் வரை அது எழுத்தாகவே இல்லையோ என்றுகூட நினைத்தேன். இன்று வரை இதற்கு எனக்குத் தெளிவான பதில் இல்லை. இல்லாமல் போனதில் வருத்தமும் இல்லை.

தந்தி மாஸ்டர் தை மாதத்தில் மறுபடி ஆபீஸுக்கு வந்தார். இந்த முறை எனக்காக. தந்தி இலாகாவில் இப்போது பெண்களையும் எடுக்கிறார்கள், மதுரையில் வகுப்பு இருக்கிறது, விண்ணப்பம் போடு என்றார். அப்பா முதலில் மறுத்தார். ராத்திரி முறை உண்டாமே, ஆண்களோடு உட்கார வேண்டுமாமே என்றார். மாஸ்டர் பஸ் ஏறி எங்கள் ஊருக்கே போய், அப்பாவோடு ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அப்பா கடிதத்தில் ஒரே வரி எழுதினார்: உன் விருப்பம்.

அண்ணாச்சிக்கு நான் போவதில் சந்தோஷமில்லை. “போறவளுக்கு நல்லது நடக்கட்டும்” என்று உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைப் பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்தார். தகரக்காரர் ஒரு சின்னப் பெட்டி செய்து, மூடியில் என் பெயரைத் தமிழில் வெட்டிக் கொடுத்தார். ஒரு சுழி தவறியிருந்தது. நான் சொல்லவில்லை.

மதுரையில் முதல் நாள், நீள மேஜையில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு கருவி. ஆசிரியர் ஒருவர் தன் கருவியைத் தட்ட ஆரம்பித்தார். கட்டுக்கடா, கட்டுக்கடா என்று ஒரே இரைச்சலாக இருந்தது. பக்கத்துப் பெண் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுத்தாக் கேக்காதீங்க, தாளமாக் கேளுங்க” என்றார் ஆசிரியர். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சலுக்குள் ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. பென்சிலை எடுத்தேன்.